எம்எம்ஏ இதழ்களை ஒப்பிடுவது எப்படி: ஒரே சண்டையை அளவுகோலாக வைக்கும் முழுமையான வழிகாட்டி

எது நல்ல எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) இதழ் என்று ஜிம்மில் கேட்டுப் பாருங்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அட்டையில் யார் படம் இருந்தது என்பதிலேயே வந்து நிற்கும். ஒன்றில் ஆண்டர்சன் சில்வா பேட்டி, இன்னொன்றில் ஃபெடோர் போஸ்டர். இதை வைத்துக்கொண்டு எது மேல் என்று எப்படிச் சொல்வது? இரண்டு இதழிலும் ஒரே விஷயம் இருந்தால்தான் யார் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியும்.

இங்கே சொல்லும் முறை அந்த ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. ஒரே சண்டை, ஒரே தரவரிசை, ஒரே நுட்பம்: இந்த மூன்றையும் எல்லா இதழ்களிலும் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். அச்சில் எம்எம்ஏ இதழ்கள் அதிகமாக வந்தது 2007க்குப் பிந்தைய சில ஆண்டுகளில். அதனால் உதாரணங்களையும் அந்தக் காலத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். இன்று திரையில் படிக்கும் இதழுக்கும் இதே வரிசைதான்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் நேராக இதழைப் புரட்டுகிறவர்கள்தான் அதிகம். பிறகு எல்லாமே பிடித்துப்போகும், எதையும் கழிக்க முடியாது.

ஒரே ஒரு வரி எழுதினால் போதும். சண்டைகளையும் அதன் பின்னால் இருக்கும் வணிகத்தையும் புரிந்துகொள்ளவா? பயிற்சிக்கு உதவும் என்றா? பழைய இதழ்களைச் சேர்க்கவா? முதல் வகை வாசகருக்கு இந்த வழிகாட்டியின் 5, 6, 7ஆம் படிகள்தான் உயிர். பயிற்சி செய்கிறவர் 8ஆம் படியில் அதிக நேரம் செலவிட வேண்டும். சேகரிப்பவருக்கு 4ம் 9ம்.

மூன்றும் வேண்டும் என்று எழுதாதீர்கள். மூன்றையும் நன்றாகச் செய்த இதழ் எதையும் நான் பார்த்ததில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு இதழிலும் வெவ்வேறு மாதத்தின் பிரதிகள் குறைந்தது இரண்டு. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால் அது ஆண்டுச் சிறப்பிதழாகவோ விருது இதழாகவோ இருந்து உங்களை ஏமாற்றிவிடும்.

நீங்கள் அளவுகோலாக வைக்கப்போகும் சண்டையின் முழு வீடியோ. எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனம் யுஎஃப்சி. அதன் இணைய வீடியோ சேவையான ஃபைட் பாஸில் பழைய யுஎஃப்சி சண்டைகளும், ப்ரைடு என்ற பழைய ஜப்பானிய நிறுவனத்தின் சண்டைகளும் கிடைக்கின்றன. இரண்டு நிமிடத் தொகுப்பு போதாது. சர்ச்சையான சண்டையில் தொகுப்பைப் பார்த்தவர், அதை வெட்டியவரின் தீர்ப்பைத்தான் பார்த்திருக்கிறார்.

முடிவுகளைச் சரிபார்க்க ஷெர்டாக்கின் ஃபைட் ஃபைண்டர், டேப்பாலஜி, எம்எம்ஏ டிசிஷன்ஸ் ஆகிய தளங்கள். கடைசித் தளத்தில் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணும், அந்தச் சண்டைக்குப் பத்திரிகையாளர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் சேர்ந்தே இருக்கும்.

எம்எம்ஏ சண்டைகளுக்கான ஒருங்கிணைந்த விதிமுறைகளின் பிரதி ஒன்று. அமெரிக்க பாக்சிங் ஆணையங்களின் சங்கம் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. பிறகு ஒரு நோட்டு, இரண்டு நிறத்தில் ஒட்டுச்சீட்டுகள்.

3. இதழ்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள்

குடும்பம் வேறு என்றால் அளவுகோலும் வேறு. ஜுஜிட்சு இதழை எடுத்துக்கொண்டு அதில் பாக்சிங் அலசல் இல்லை என்று குறை சொல்வதில் பயனில்லை.

பொது எம்எம்ஏ மாத இதழ்கள்: பிரிட்டனில் தொடங்கிய ஃபைட்டர்ஸ் ஒன்லி, 2007இல் அமெரிக்காவில் வந்த ஃபைட்!. இரண்டும் பளபளப்புத் தாள், நீண்ட பேட்டி, ஏராளமான படங்கள். முதலில் ஒப்பிட வேண்டியவை இவைதான். ஃபைட்டர்ஸ் ஒன்லி 2008 முதல் உலக எம்எம்ஏ விருதுகளையும் நடத்துகிறது, ரசிகர் வாக்கெடுப்பில். அந்த விருதுகளைப் பற்றி அதே இதழ் எழுதும் பக்கங்களை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இதழ்கள்: யுஎஃப்சியே தன் பெயரில் வெளியிட்டது. படங்கள் அபாரம். ஆனால் அதில் சம்பளத் தகராறைத் தேடுவது, கல்யாணப் பத்திரிகையில் வரதட்சணைக் கணக்கைத் தேடுவது மாதிரி.

பிராண்டு பெயர் தாங்கியவை: டேப்அவுட் இதழ் இதற்கு எடுத்துக்காட்டு. டேப்அவுட் என்பது 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சண்டை உடை பிராண்டு.

தற்காப்புக் கலை, ஜுஜிட்சு இதழ்கள்: 1961 முதல் வரும் பிளாக் பெல்ட், பிரேசிலின் கிரேசி மேகஸின், டாடாமே. கிரேசி மேகஸினைப் பார்க்கும்போது அதன் பெயரே பிரேசிலிய ஜுஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தின் பெயர் என்பதை மறக்கக் கூடாது.

ஜப்பானிய இதழ்கள்: காங் ககுதோகி, ககுதோகி சூஷின். மொழி தெரியாதவர்களும் இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். ப்ரைடு காலத்தை உள்ளேயிருந்து பார்க்க இவற்றை விட்டால் ஆளில்லை. வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும்; முன்னட்டை என்று நாம் நினைப்பது அவர்களுக்குப் பின்னட்டை.

செய்தி மடல்: டேவ் மெல்ட்சரின் ரெஸ்லிங் அப்சர்வர். பெயரில் ரெஸ்லிங் இருந்தாலும் எம்எம்ஏ வணிகம் இதில் விரிவாக வரும். படமே இல்லாத, எழுத்து நெருக்கியடித்த பக்கங்கள். புதியவர்கள் பார்த்ததும் மூடிவைத்துவிடுவார்கள். டிக்கெட் வசூல், பே-பெர்-வியூ (தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு) எண்ணிக்கை போன்றவற்றில் ஆர்வம் உள்ளவர் மூடக் கூடாது.

முதல் சுற்றில் ஒரே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். குடும்பம் விட்டுக் குடும்பம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. அட்டையிலுள்ள மாதத்தை நம்பாமல் இதழ்களை ஒரே காலத்துக்குக் கொண்டுவாருங்கள்

தடுக்கி விழுபவர்கள் அதிகம் விழும் இடம் இது. அமெரிக்க மாத இதழ்களின் அட்டையில் இருக்கும் மாதம், அது கடைக்கு வந்த மாதம் அல்ல. கடைக்காரர் அதை அலமாரியில் வைத்திருக்கலாம் என்ற காலத்தைக் குறிப்பது. எழுதி, வடிவமைத்து, அச்சிட்டு, லாரியேற்றவும் வாரக்கணக்கில் ஆகும்.

எனவே 2009 அக்டோபர் 24இல் நடந்த சண்டையின் முழு அலசலை அக்டோபர், நவம்பர் என்று போட்ட இதழ்களில் தேடினால் கிடைக்காது. முன்னோட்டம் இருக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் 2010 ஜனவரி அல்லது பிப்ரவரி என்று அட்டையிட்ட இதழ்களைப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய இதழ் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் பொருளடக்கப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

இதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டவர், ‘அந்த இதழ் சண்டையைக் கண்டுகொள்ளவே இல்லை’ என்று அபாண்டமாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

5. கட்டுரைகளைப் படிக்கும் முன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நல்ல பேட்டி ஒன்றைப் படித்து மனம் ஒட்டிக்கொண்ட பிறகு விளம்பரங்களை எண்ண யாருக்கும் கை வராது.

முதலில் பதிப்பாளர் விவரம். பொருளடக்கத்தை ஒட்டிய பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். உரிமையாளர் யார், ஆசிரியர் யார், விளம்பரப் பிரிவுத் தலைவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரும் விளம்பரம் திரட்டுபவர் பெயரும் ஒன்றாக இருந்தால் அதையும் குறியுங்கள்.

உரிமை ஏன் முக்கியம் என்பதற்கு பாக்சிங் உலகம் நல்ல பாடம். தி ரிங் இதழ் 1922 முதல் வருகிறது. 1977இல் டான் கிங் நடத்தி ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய போட்டித் தொடரில், அந்த இதழின் தரவரிசையையும் சாதனைப் பதிவுகளையும் நம்பித்தான் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருடைய பதிவில் நடக்காத சண்டைகளும் வெற்றியாக ஏறியிருந்தது வெளியே வந்தது. தொடர் பாதியில் நின்றது. 2007இல் அதே இதழை ஆஸ்கர் டி லா ஹோயாவின் கோல்டன் பாய் நிறுவனம் வாங்கியது. சண்டை நடத்துகிறவரே சண்டை இதழின் முதலாளி ஆனார். எம்எம்ஏ இதழில் இப்படி ஏதும் இருக்கிறதா என்று தேடுவதுதான் உங்கள் வேலை.

அடுத்து விளம்பரம். முழுப்பக்க விளம்பரம் ஒவ்வொன்றிலும் ஒரு நிற ஒட்டுச்சீட்டை ஒட்டுங்கள். அந்த பிராண்டுகளின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு, அதே பெயர்கள் கட்டுரைகளில் எங்கே வருகின்றன என்று தேடி இரண்டாவது நிறத்தை ஒட்டுங்கள். இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உஷார்.

இதற்கு அஃப்லிக்ஷனை விடச் சிறந்த சோதனை இல்லை. டி-ஷர்ட் விற்ற நிறுவனம். 2008இல் சொந்தமாகவே சண்டை நடத்த இறங்கியது. யுஎஃப்சி தன் வீரர்கள் அந்த உடையை அணியக் கூடாது என்றது. 2008 ஜூலை 19இல் முதல் நிகழ்ச்சி. ஃபெடோர் 36 நொடியில் டிம் சில்வியாவை முடித்தார். 2009 ஜனவரியில் இரண்டாவது. ஆகஸ்டில் நடக்கவிருந்த மூன்றாவதுக்கு முன் அதில் மோதவிருந்த ஜோஷ் பார்னெட் கலிஃபோர்னியா மாநில விளையாட்டு ஆணையத்தின் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்க, நிகழ்ச்சி ரத்தானது. நிறுவனம் சண்டை நடத்துவதையே விட்டுவிட்டு யுஎஃப்சிக்கு விளம்பரதாரராகத் திரும்பியது.

இப்போது 2008 நடுவிலிருந்து 2009 இறுதிவரை வந்த இதழ்களை எடுங்கள். அஃப்லிக்ஷன் விளம்பரம் எத்தனை பக்கம்? அதன் நிகழ்ச்சிகளுக்கு எத்தனை பக்கம்? சரிந்தபோது எத்தனை பத்தி? இந்த மூன்று எண்களை எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

கடைசியாகப் படங்களுக்குக் கீழே உள்ள பெயர். ‘ஸூஃபா, கெட்டி இமேஜஸ் வழியாக’ என்று இருந்தால் படத்தைக் கொடுத்தது யுஎஃப்சியின் அன்றைய தாய் நிறுவனம். இதழின் சொந்தப் படக்காரர் பெயர் இருந்தால் கூண்டுக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஆள் உட்கார்ந்திருந்தார். ஸூஃபா படம் போட்டதே குற்றம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், அப்படியில்லை. ஆனால் இதழ் முழுக்க அதுவே இருந்தால், அந்த வாசல் மூடினால் இதழில் படமே இருக்காது என்று பொருள். வாசல் மூடுவது கற்பனையும் அல்ல. 2016 ஜூனில் யுஎஃப்சி 199 நடந்த இரவு, முன்னாள் சாம்பியன் பிராக் லெஸ்னர் திரும்பி வருவதை முன்கூட்டிச் சொன்னதற்காக நிருபர் ஏரியல் ஹெல்வானியை அரங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். சில நாட்களில் தடை விலகியது என்றாலும், அனுமதிச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

6. ஒரே சண்டைச் சோதனை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நாக்அவுட்டில் முடிந்த சண்டை இதற்கு உதவாது. எல்லா இதழும் ஒன்றையே எழுதும். தீர்ப்பில் சர்ச்சை எழுந்த சண்டை வேண்டும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது யுஎஃப்சி 104, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டர், 2009 அக்டோபர் 24: லியோட்டோ மச்சிடாவும் மவுரிசியோ ‘ஷோகன்’ ரூவாவும் லைட் ஹெவிவெயிட் பெல்ட்டுக்காக மோதிய ஐந்து ரவுண்டுகள். மூன்று நடுவர்களும் 48–47 என்று மச்சிடாவுக்கே கொடுத்தார்கள். அரங்கம் கூச்சலிட்டது. வர்ணனையில் ஜோ ரோகன் ‘மச்சிடா யுகம்’ என்று அறிவித்து அப்போது ஐந்தே மாதம் ஆகியிருந்தது.

வரிசை இப்படி:

முதலில் சண்டையை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ நாமும் அந்தப் பக்கம் சாய்வோம். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி, 10–9 யாருக்கு (ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9) என்று நோட்டில் எழுதுங்கள். இதழைத் திறப்பது அதற்குப் பிறகுதான். படித்துவிட்டுப் பார்த்தால், படித்ததையே பார்ப்பீர்கள்.

அடுத்து, இதழில் நடுவர்களின் ரவுண்டு வாரி மதிப்பெண் இருக்கிறதா? 48–47 என்றால் மூன்று ரவுண்டு ஒருவருக்கு, இரண்டு மற்றவருக்கு. ஆனால் மூன்று நடுவர்களும் அதே மூன்று ரவுண்டுகளைத்தான் கொடுத்தார்கள் என்று கூட்டுத்தொகையை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டுத்தொகையோடு நிறுத்திய இதழ் வாசகரைப் பாதி வழியில் இறக்கிவிட்டது.

பிறகு, எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். ஷோகனின் ஆயுதம் தொடைக்கும் விலாவுக்கும் போன உதைகள். இந்தச் சண்டையின் வாதமே அவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான். உதைகளைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாமல் ‘ரசிகர்கள் கொதித்தனர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நிருபர் சண்டையை விட்டுவிட்டு கேலரியைப் பார்த்திருக்கிறார்.

விதியை மேற்கோள் காட்டினார்களா என்பதும் முக்கியம். இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய அளவுகோலை 2009க்குப் பொருத்தாதீர்கள். தாக்குதலும் மல்யுத்தமும் உண்டாக்கிய பாதிப்பே முதலில், அதில் சமம் என்றால்தான் ஆக்ரோஷம், அதிலும் சமம் என்றால் கூண்டுக் கட்டுப்பாடு என்ற தெளிவான படிவரிசை 2016இல் திருத்தப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பழைய இதழ் அதன் காலத்து விதியை வைத்துச் சரியாக வாதிட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

கடைசியாக, மறுசண்டைக்குப் பிறகு வந்த இதழைத் தேடுங்கள். 2010 மே 8, மான்ட்ரியல், யுஎஃப்சி 113. முதல் ரவுண்டிலேயே ஷோகன் மச்சிடாவை நாக்அவுட் செய்தார். முதல் சண்டைக்குப் பிறகு ‘நடுவர்கள் சொன்னது சரிதான்’ என்று எழுதிய இதழ், மறுசண்டைக்குப் பிறகு ‘அன்றே ஷோகன்தான் ஜெயித்தார்’ என்று சொல்கிறதா? கருத்தை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. மாற்றியதைச் சொல்லாமல் மாற்றுவதுதான் பிரச்சினை. இரண்டு பிரதிகள் வேண்டும் என்றது இந்தக் கேள்விக்காகவும்தான்.

இதழ்கள் அந்தக் காலத்தவை இல்லை என்றால் வேறு சண்டை தேர்ந்தெடுக்கலாம். ஃபிராங்கி எட்கரும் கிரே மேனார்டும் 2011 ஜனவரி 1இல் மோதி சமனில் முடித்ததும் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு நடுவர் இவருக்கு, ஒருவர் அவருக்கு, மூன்றாமவர் சமம். முதல் ரவுண்டில் மேனார்டு எட்கரை எத்தனை முறை அடித்துத் தரையில் வீழ்த்தினார், அது 10–8 (ஒருவர் முழுமையாக ஆதிக்கம் செலுத்திய ரவுண்டு) என்று கொடுக்க வேண்டியதா என்பதை இதழ் எப்படி விவாதிக்கிறது என்று பாருங்கள்.

ப்ரைடு சண்டையை எடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே முதல் ரவுண்டு பத்து நிமிடம், மதிப்பெண் ரவுண்டு ரவுண்டாக இல்லை. சண்டை முழுவதையும் சேர்த்தே தீர்ப்பு. ஜப்பானிய இதழில் ரவுண்டு மதிப்பெண்ணைத் தேடிக் காணோம் என்று கழித்துவிடக் கூடாது.

7. தரவரிசைச் சோதனை: ஃபெடோர் எங்கே?

2009இல் வந்த ஹெவிவெயிட் பட்டியலைத் திறந்து ஃபெடோர் எமெலியானென்கோ எந்த இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அப்போது அவர் யுஎஃப்சியில் இல்லை. ஆனால் சுதந்திரமான பட்டியல்கள் பெரும்பாலும் அவரைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தன. அவர் பெயரே இல்லாத பட்டியல், உலகப் பட்டியல் என்று தலைப்பிட்டிருந்தாலும், ஒரு நிறுவனத்தின் பட்டியல்தான்.

அடுத்து 2010 ஜூன் 26. சான் ஹோசேயில் ஃபப்ரிசியோ வெர்டும் 69 நொடியில் ஃபெடோரைப் பிடியில் சிக்கவைத்து, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவைத்தார். அதற்குப் பிறகு வந்த பட்டியலில் ஃபெடோர் எத்தனை இடம் இறங்கினார், வெர்டும் எத்தனை இடம் ஏறினார், காரணம் எழுதியிருக்கிறார்களா? காரணம் இல்லாத தரவரிசை வெறும் அலங்காரம்.

யார் வாக்களிக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். 2013 பிப்ரவரியில் யுஎஃப்சி ஊடகத்தினரின் வாக்கில் தன் பட்டியலைத் தொடங்கிய பிறகு, பல இடங்களில் அதையே எடுத்துப் போடும் பழக்கம் வந்துவிட்டது. இப்போதைய இதழை ஒப்பிடுகிறவர், அதில் யுஎஃப்சி அல்லாத நிறுவனங்களான ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப், ஜப்பானின் ரிஸின், போலந்தின் கேஎஸ்டபிள்யூ, பிரிட்டனின் கேஜ் வாரியர்ஸ் ஆகியவற்றுக்குச் சேர்த்து எத்தனை பக்கம் என்று எண்ணினாலே போதும். பூஜா தோமர் 2024 ஜூனில் யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணானார். அவரைப் போன்றவர்கள் வளர்வது இந்தப் பெரிய மேடைக்கு வெளியில்தான். அந்தப் பக்கங்களே இல்லாத இதழில் அடுத்தவர் யார் என்று தெரிய வழியில்லை.

8. நுட்பப் பக்கங்களைப் பாயில் வைத்துச் சோதியுங்கள்

படிப்பதற்கு நன்றாக இருக்கும் நுட்பக் கட்டுரை, செய்து பார்க்கும்போது தடுமாறும். எனவே நாற்காலியில் உட்கார்ந்து இதை மதிப்பிட முடியாது.

உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த நுட்பம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கார்டிலிருந்து ஆர்ம்பார் (கீழே படுத்தபடி எதிராளியின் முழங்கையை மடக்கும் பிடி), அல்லது டபுள் லெக் (இரண்டு கால்களையும் பிடித்துக் கீழே வீழ்த்துவது). தெரியாததை எடுத்தால் குறை இதழிலா உங்களிடமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்களோடு பயிற்சி செய்கிற ஒருவர் கட்டுரையைச் சத்தமாக வாசிக்க, அதில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். எங்கே நின்று ‘அடுத்து கை எங்கே?’ என்று கேட்கிறீர்களோ, அங்கே ஒரு படம் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் விடுபடுவது இடுப்பு திரும்பும் கணம். படமாக எடுப்பு இல்லாததால் வெட்டிவிடுவார்கள்.

கிரேசி மேகஸின் போன்றவற்றில் அது கீ (காலர் வைத்த தடித்த ஜுஜிட்சு உடை) அணிந்து செய்வதா என்று முதலில் பாருங்கள். காலரைப் பிடித்து நெரிக்கும் பிடியை, காலரே இல்லாத இறுக்கமான ரேஷ்கார்டு சட்டையில் முயன்று பார்த்துவிட்டு ‘இதழ் சரியில்லை’ என்பவர்கள் உண்டு.

ஹீல் ஹூக் (குதிகாலைப் பிடித்து முறுக்கும் பிடி) கட்டுரை இருந்தால் அதைத் தனியாகப் படியுங்கள். அதில் வலி வரும் முன்பே முழங்கால் தசைநார் போய்விடும். சீக்கிரம் தட்டி விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை என்றால் என் கணக்கில் அந்த இதழின் நுட்பப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது.

பழைய இதழ்களில் காலாவதியான அறிவுரையை அடையாளம் காண்பதும் இந்தப் படியில்தான். குறிப்பாக எடை குறைப்பு. தண்ணீரை நிறுத்தி, சானாவில் உட்கார்ந்து, எடை பார்த்த பிறகு நரம்பில் ட்ரிப் ஏற்றிக்கொள்வது என்று சாதாரணமாக எழுதிய காலம் இருந்தது. 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப்பின் மணிலா நிகழ்ச்சிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். அதன் பிறகு அந்த நிறுவனம் உடலின் நீரை வற்றவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. யுஎஃப்சியில் ட்ரிப் ஏற்றுவதற்கு 2015 அக்டோபரில் தடை வந்தது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பற்றிய கட்டுரைகளும் அப்படித்தான். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 2014 பிப்ரவரியில் அதற்கான விலக்கை ரத்து செய்தது. இந்தப் பக்கங்களை வரலாறாகப் படிக்கலாம். ஜிம் அலமாரியில் வைப்பதாக இருந்தால் பக்கத்தின் மேல் ‘பின்பற்றாதே’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். பதினாறு வயதுப் பையன் எதைப் பார்த்து எதைச் செய்வான் என்று சொல்ல முடியாது.

9. விலை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், விலையை முதலில் பார்த்தவர் மலிவானதை நியாயப்படுத்தவே மற்ற படிகளைச் செய்வார்.

சந்தா கட்டும் முன் கடைசி இதழ் எப்போது வந்தது என்று பாருங்கள். அச்சு இதழ்கள் பல நின்றுவிட்டன. சந்தாப் பக்கம் மட்டும் இணையத்தில் உயிரோடு இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் கட்டிய அன்றே அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒற்றைப் பிரதி வரவழைத்தால் இதழின் விலையைவிடத் தபால் கட்டணம் தாண்டிவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள். திரையில் படிக்கத் தயங்காதவர்கள் மேக்ஸ்டர் போன்ற செயலிகளில் முதலில் ஒரு பிரதியை மட்டும் வாங்கிப் பார்க்கலாம். பிளாக் பெல்ட்டின் பழைய இதழ்கள் ஏராளமாக கூகுள் புக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைப் பணம் கொடுத்து வாங்குவது சேகரிப்பவருக்கு மட்டும்தான் நியாயம்.

பழைய பிரதி வாங்கும்போது முதுகுப் பக்கம், பொருளடக்கம், நடுப்பக்கம் ஆகிய மூன்றின் படத்தையும் கேளுங்கள். நடுப்பக்க போஸ்டரைக் கிழித்து எடுத்துவிட்டு முழு விலைக்கு விற்பது சகஜம். போஸ்டருக்குப் பின்பக்கத்தில் ஓடும் கட்டுரையும் அதோடு போய்விடும்.

10. முடிவை எப்படி எழுதுவது

நூற்றுக்கு இத்தனை என்று மொத்த மதிப்பெண் போடாதீர்கள். படங்களுக்கு அதிகம், நேர்மைக்குக் குறைவு என்று கூட்டினால் எல்லா இதழும் அறுபத்தைந்தில் வந்து நிற்கும்.

ஒவ்வொரு இதழுக்கும் மூன்று வரி எழுதினால் போதும். முதல் வரி: யார் பணத்தில் நடக்கிறது. இரண்டாவது: ஷோகன்–மச்சிடா சண்டையை, அல்லது நீங்கள் தேர்ந்தெடுத்ததை, எப்படிக் கையாண்டது. மூன்றாவது: முதல் படியில் நீங்கள் எழுதிய நோக்கத்துக்கு எந்தப் பக்கங்கள் உதவும். மூன்றாவது வரியில் எழுத எதுவும் இல்லை என்றால் அந்த இதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

முதல் வரியில் ‘யுஎஃப்சி’ என்று இருப்பதால் மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதிகாரப்பூர்வ இதழையும் சுதந்திரமான இதழையும் ஜோடியாக வைத்திருப்பதுதான் என் விருப்பம். முன்னதில் வீரர்களின் நேரடிப் பேட்டியும் படங்களும். பின்னதில் அந்தப் பேட்டியில் கேட்கப்படாத கேள்விகள்.

ஆசிரியர் மாறினாலோ உரிமையாளர் மாறினாலோ 5ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பதிப்பாளர் விவரத்தை ஒவ்வொரு ஆண்டும் ஒருமுறை பார்த்தால் போதும், மாற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.